குதிருக்கு இரண்டு வாய்

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் பத்தாவது வரை படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும் சங்கத்துத் தீர்மான நோட்டும்தான். ராஜா, போர், கோட்டை பற்றி எழுத எனக்குத் தெரியாது. ஆனால் நம்ம எல்லோருக்கும் தெரிந்த வேலை ஒன்று இருக்கு. இன்றைக்கு இருப்பதில் கொஞ்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைக்கிற வேலை. கடுகு டப்பாவில் ஒளித்து வைக்கிற பத்து ரூபாயிலிருந்து சங்கத்துச் சந்தா வரைக்கும் நாம் செய்வது அதைத்தானே? அந்த வேலைக்கும் பெரிய வரலாறு உண்டு. ஊர் நூலகத்தில் படித்தது, பிள்ளைகளின் அறிவியல் புத்தகத்தில் பார்த்தது, என் மாமியார் சொன்னது எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். நடுவில் நான் செய்த தப்பு ஒன்றையும் எழுதப் போகிறேன்.

அத்தை வீட்டுக் குதிர்

பாபநாசம் பக்கம் நான் வாக்கப்பட்டு வந்தபோது, எங்க அத்தை வீட்டு நடையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மண் குதிர் நின்றது. களிமண்ணில் வைக்கோல் கலந்து செய்த உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இடுக்கில் மண்ணும் சாணியும் வைத்துப் பூசியிருந்தார்கள். அடியில் கல் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி வைத்திருந்தது. ஈரமும் எலியும் ஏறாமல் இருக்க அந்த ஏற்பாடு.

குதிருக்கு இரண்டு வாய். மேலே அகலமான வாய். அறுப்பு முடிந்ததும் ஏணி போட்டு அதில் நெல்லைக் கொட்டுவார்கள். கீழே, கை நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன வாய். அதைத் துணி வைத்து அடைத்து மண் பூசி வைத்திருப்பார்கள். தேவைப்படும்போது அடைப்பை எடுத்தால் நெல் தானாக மரக்காலில் வந்து விழும். மேலே கொட்டுவது புது நெல், கீழே வருவது பழைய நெல். பழசு முதலில் வந்துவிடுவதால் எந்த நெல்லும் உள்ளேயே கிடந்து மக்கிப் போகாது. இப்போது பெரிய கிடங்குகளில் முதலில் வந்தது முதலில் போகணும் என்று எழுதி வைத்திருப்பார்களாம். எழுதப் படிக்கத் தெரியாத எங்க அத்தையின் மாமியார் அதைக் குதிரின் அமைப்பிலேயே வைத்திருந்திருக்கிறார்.

கொட்டுவதற்கு முன் அத்தை ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்ப்பார்கள். ‘கடக்’ என்று முறியணும். நசுங்கினால் இன்னும் இரண்டு நாள் வெயில். நெல்லுக்கு உயிர் இருக்கிறது, அதுவும் மூச்சு விடும். ஈரமாக இருந்தால் மூச்சு அதிகமாகும், சூடு ஏறும், பூஞ்சை பிடிக்கும். காய்ந்த நெல் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு தூங்கும். நொச்சித் தழையும் வேப்பிலையும் போடுவது பூச்சிக்கு.

ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. மேல்வாயில் நெல் கொட்டுகிற நாளில் வீடே கூடி நிற்கும். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் நிற்பார். ஆனால் கீழ்வாயைத் திறப்பது வருஷம் முழுக்க அத்தை மட்டும்தான். அடுத்த அறுப்புக்கு எத்தனை நாள், எத்தனை வாய், கூலிக்கு எவ்வளவு, விருந்தாளிக்கு எவ்வளவு என்று எல்லாம் மனசுக்குள் கணக்கு. “நெறைக்கிறது ஒரு நாள் வேலை. அளந்து எடுக்கிறதுதான் வருஷத்து வேலை” என்பார்கள் அத்தை.

இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப் போவது அந்தக் கீழ்வாயைப் பற்றித்தான்.

நெல்லுக்குள்ளே ஒரு குதிர்

குதிருக்குள் கிடக்கிற ஒவ்வொரு நெல்லும் தனியாக ஒரு குதிர்தான். அரிசியின் ஓரத்தில் சின்னதாக ஒரு மூக்கு இருக்குமே, அதுதான் முளை. மிச்சம் இருப்பதெல்லாம் அந்தக் குழந்தைக்குத் தாய்ச்செடி கட்டிக் கொடுத்த சாப்பாடு. அதைத்தான் நாம் வடித்துச் சாப்பிடுகிறோம்.

அந்தச் சாப்பாடு மாவாகப் பூட்டிக் கிடக்கிறது. முளையால் மாவை அப்படியே தின்ன முடியாது. விதைநெல்லை ஊற வைத்ததும் முளை கண் விழித்து, ஜிப்ரலின் என்ற ஒரு பொருளைத் தூது அனுப்புகிறது. அது அரிசியைச் சுற்றியுள்ள மெல்லிய தோலுக்குப் போய்ச் சேருகிறது. நாம் அரைக்கும்போது தவிடாகப் போகிறதே, அந்தத் தோல்தான். தூது வந்ததும் அந்தத் தோல் நொதிகளைச் சுரந்து மாவைச் சர்க்கரையாகக் கரைக்கிறது. முளைகட்டிய கேழ்வரகோ பயறோ லேசாக இனிப்பதற்கும் இதுபோல் உள்ளிருக்கும் மாவு சர்க்கரையாவதுதான் காரணம்.

எட்டு மாதம் குதிரில் கிடந்தபோது பூட்டு திறக்கவில்லை. தண்ணீர் வந்து, முளை கேட்ட பிறகுதான் திறந்தது. அதுவும் ஒரேயடியாக இல்லை. வேர் விட்டு, இலை விட்டு, வெயிலில் தானே சமைத்துக்கொள்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. படைத்தவன் வைத்த கீழ்வாய் அது.

விவசாயத்துக்கும் முந்தியது

மனுஷன் முதலில் விவசாயம் செய்தான், மிச்சம் வந்தது, பிறகுதான் களஞ்சியம் கட்டினான் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது அப்படி இல்லையாம். ஜோர்டான் நாட்டில், சாக்கடல் பக்கத்தில் த்ரா என்ற இடத்தில் தோண்டிப் பார்த்தபோது, சுமார் 11,000 வருஷத்துக்கு முந்திய தானியக் களஞ்சியங்கள் கிடைத்திருக்கின்றன. அந்தக் காலத்து ஜனங்கள் காட்டில் தானாக விளைந்த பார்லியைத்தான் அறுத்துக் கொண்டுவந்தார்கள். பயிர்கள் முழுசாக வீட்டுப் பயிராக மாறுவதற்கு முன்னாலேயே சேமிப்பு வந்துவிட்டது.

அந்தக் களஞ்சியங்களின் தரையைக் கீழிருந்து தூக்கித்தான் கட்டியிருக்கிறார்கள். அடியில் காற்றுப் போக, எலி ஏறாமல் இருக்க. எங்க அத்தை குதிருக்குக் கல் கொடுத்த அதே யோசனைதான். கடல் கடந்த ஊரில், அத்தனை ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒருத்தியும் இதே எலியோடுதான் சண்டை போட்டிருக்கிறாள் என்று நினைத்தபோது அவள் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி தோன்றினாள்.

கோயில் களஞ்சியமும் கோல்கரும்

நம்ம பாபநாசத்தை ஒட்டித் திருப்பாலைத்துறை கோயிலில் ஒரு செங்கல் நெற்களஞ்சியம் இருக்கு. பார்த்திருப்பீர்கள். வட்டமாகத் தொடங்கி மேலே கூம்பாகக் குவிந்து முப்பது அடிக்கு மேல் உயரமாக நிற்கும். தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில், 1600க்கும் 1634க்கும் நடுவில் கட்டியது. 3,000 கலம் பிடிக்கும் என்று சொல்கிறார்கள். எங்க பக்கத்துக் கணக்கில் மூட்டைக்கு இரண்டு கலம் என்று வைத்தால் 1,500 மூட்டை. நம்ம குதிரையே பெரிதாக்கிச் செங்கல்லில் கட்டினது போலத்தான் இருக்கும்.

இதைவிடப் பல மடங்கு பெரியது பீகாரில் பாட்னா ஊரில் இருக்கு. பெயர் கோல்கர். கோல் என்றால் உருண்டை, கர் என்றால் வீடு. 1770ல் வங்காளத்திலும் பீகாரிலும் கொடும் பஞ்சம் வந்தது. மூன்றில் ஒரு பங்கு ஜனங்கள் செத்துப்போனதாக அப்போது ஆண்ட வெள்ளைக்காரர்களே கணக்குச் சொன்னார்கள். இனிமேல் பஞ்சமே வராமல் தடுக்கணும் என்று 1784ல் உத்தரவு போட்டு, ஜான் கார்ஸ்டின் என்ற ராணுவப் பொறியாளரை வைத்து 1786ல் கட்டி முடித்தார்கள். தூண் ஒன்றுகூட இல்லாத, 29 மீட்டர் உயரக் கூடு. சுவர் அடியில் 12 அடி கனம். வெளியே இரண்டு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படிக்கட்டு. ஒரு பக்கப் படியில் மூட்டையோடு ஏறி, உச்சியில் உள்ள ஓட்டையில் கொட்டிவிட்டு, மறுபக்கப் படியில் இறங்கி வரணும்.

மேல்வாய் அருமையாக இருந்தது. கீழ்வாயில்தான் கோளாறு. அடியில் இருந்த கதவுகளை உள்பக்கமாகத் திறக்கும்படி வைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். உள்ளே தானியம் நிறைந்து அழுத்திக்கொண்டிருந்தால், உள்பக்கம் தள்ளுகிற கதவு எப்படித் திறக்கும்? எந்தக் கிராமத்துப் பெண்ணிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

அந்தக் கட்டடத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. பஞ்சத்தை நிரந்தரமாகத் தடுக்கக் கட்டியது, கட்டியவர் இன்னார், முடித்த தேதி இது என்று வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். கடைசியில், முதன்முதலில் நிறைத்து எல்லோர் முன்னிலையிலும் மூடியவர் என்று எழுதிப் பெயருக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடம் இன்று வரைக்கும் காலியாகவே இருக்கு. கோல்கர் ஒரு தடவைகூட முழுசாக நிறையவில்லை.

தாது வருஷம்

கோல்கர் கட்டித் தொண்ணூறு வருஷம் கழித்து நம்ம பக்கத்துக்குப் பஞ்சம் வந்தது. 1876ல் மழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தைத்தான் நம்ம கிழவிகள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லுவாங்க. சேலம், கோயம்புத்தூர், வட ஆற்காடு, பெல்லாரி, கடப்பை, கர்னூல் எல்லாம் காய்ந்து கிடந்தன. சென்னை மாகாணத்தில் மட்டும் லட்சக்கணக்கில் செத்தார்கள். பிழைப்புத் தேடிச் சிலோன் தோட்டங்களுக்குக் கிளம்பியவர்களும் ஏராளம்.

நாட்டில் தானியமே இல்லாமலா செத்தார்கள்? இருந்தது. ரயில் வந்துவிட்டது, மூட்டைகள் ஓடின. ஆனால் காசு இருக்கிற பக்கம் ஓடின. விலை ஏறட்டும் என்று வியாபாரிகள் பதுக்கி வைத்தார்கள். சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் அம்பாரமாகக் குவிந்து கிடந்தன. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு அந்தப் பஞ்ச காலத்திலேயே 3 லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை கப்பல் ஏறியது. நிவாரண வேலைக்குப் போனவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிர்ணயித்த கூலி, ஆண் ஒருவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோவுக்கும் குறைவு. நாளெல்லாம் மண் சுமந்ததற்கு அவ்வளவுதான். பெண்களுக்கு அதைவிடக் கம்மி.

தாது வருஷக் கதையை எங்க அப்பாயி சொல்லும்போது மழை பெய்யல, அதனால பஞ்சம் என்றுதான் சொல்லுவாங்க. நானும் அப்படியே நம்பினேன். இப்போது தெரிகிறது. மழை ஒரு காரணம். குதிரின் கீழ்வாய் பசித்தவர்களுக்குத் தெரியாத யாரோ ஒருத்தர் கையில் இருந்தது இன்னொரு காரணம்.

மேட்டூரும் ரேஷன் கடையும்

பிறகு காலம் மாறியது. டெல்டாக்காரர்களுக்கு மேட்டூர் அணையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1934ல் கட்டி முடித்தார்கள். 120 அடி நிறைந்தால் 93 டிஎம்சிக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். அதுவும் ஒரு குதிர்தான். மேல்வாயில் மழை கொட்டுகிறது. கீழ்வாயில் மதகு. அணை நிறைந்தால் சந்தோஷப்படுவோம். ஆனால் நம்ம ஊரில் ஜூன் மாசம் பிறந்தால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “12ந்தேதி தொறந்துடுவாங்களா?” குறுவையும் சம்பாவும் அந்தத் தேதியில்தான் தொங்குகின்றன. சரியான நாளில் திறக்காத தண்ணீர் இருந்தும் இல்லாத மாதிரி.

தானியத்துக்கும் அரசாங்கமே குதிர் வைத்தது. 1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் ஆரம்பித்தார்கள். அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம்ம தஞ்சாவூரில்தான். 1972ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. களத்து மேட்டிலிருந்து கொள்முதல் நிலையம், அங்கிருந்து கிடங்கு, அரவை, ரேஷன் கடை என்று நம்ம நெல் சுற்றி வந்து நம்ம பையிலேயே விழுகிறது. இப்போது எஃகில் பெரிய பெரிய சைலோ கட்டுகிறார்கள். படத்தில் பார்த்தேன். மேலே கொட்டுகிறார்கள், அடியில் புனல் மாதிரி குறுகி, அங்கிருந்து எடுக்கிறார்கள். அத்தையிடம் காட்டினேன். “நம்ம குதிருதான், தகரத்துல செஞ்சிருக்கான்” என்றார்கள்.

ஆனாலும் கீழ்வாய்ப் பிரச்சினை அதோடு தீரவில்லை. 2001ல் நாட்டின் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கு மேல் தானியம் தேங்கிக் கிடந்தது. அதே வருஷம் பல மாநிலங்களில் வறட்சி, பட்டினி. கிடங்கு நிரம்பி வழியும்போது ஜனங்கள் ஏன் பட்டினி கிடக்கணும் என்று கேட்டு உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில், பள்ளிக்கூடத்தில் சமைத்த மதிய உணவு கொடுப்பது, அங்கன்வாடி உணவு, ரேஷன் எல்லாம் ஜனங்களின் உரிமை என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2013ல் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. கீழ்வாயைத் திறப்பது தயவு என்கிற நிலை போய், கேட்டு வாங்குகிற உரிமையாக மாற இத்தனை காலம் ஆகியிருக்கு.

சங்கத்துப் பெட்டி

இனி நம்ம கதை. தமிழ்நாட்டில் அரசு உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியம் அதற்குப் பணம் கொடுத்தது. 1992ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்க ஆரம்பித்தது. 1997லிருந்து மகளிர் திட்டம் என்று மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. நம்ம அம்மாக்கள் வயசுப் பெண்கள் வாரம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று போட்டு ஆரம்பித்த பெட்டிதான் இன்றைக்குக் கூட்டமைப்பாக வளர்ந்து நிற்கிறது. அத்தை காலத்தில் பெண்ணின் கையில் கீழ்வாய் மட்டும் இருந்தது. நம்ம காலத்தில்தான் மேல்வாயும் கீழ்வாயும் இரண்டும் நம்ம கையிலேயே வந்தன.

இப்போது அந்தத் தப்பைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன் நான் எங்க குழுவில் ஊக்குநராக இருந்தேன். பெட்டி என் வீட்டில். சாவி இன்னொரு சகோதரியிடம். பெட்டி ஒருத்தரிடம், சாவி ஒருத்தரிடம் என்பது நல்ல வழக்கம்தான். ஒரு நாள் ராத்திரி, எங்க குழு உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்காரர் தென்னைமரத்திலிருந்து விழுந்துவிட்டார். 108 வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டது. வெளியில் ஸ்கேன் எடுக்க, கைச்செலவுக்கு என்று உடனே பணம் தேவைப்பட்டது. அவள் ஓடி வந்து என் வாசலில் நின்றாள். மறுநாள் பேங்க்கில் கட்டுவதற்காகப் பெட்டியில் 12,400 ரூபாய் இருந்தது. சாவி வைத்திருந்தவர் தாய்வீட்டுத் திருவிழாவுக்குப் போயிருந்தார். பூட்டை உடைத்துவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். வேண்டாம், தீர்மானம் இல்லாமல் உடைத்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது என்று சொன்னது நான்தான்.

அவள் பத்து வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கினாள். ஏழு மாதம் கழித்துத்தான் அசலைக் கட்ட முடிந்தது. வட்டி மட்டும் 7,000. அவர் பிழைத்துக்கொண்டார், அது கடவுள் புண்ணியம். ஆனால் அந்த ஏழு மாதமும் கூட்டத்துக்கு வந்தால் அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவள் போட்ட சந்தாவும் அந்தப் பெட்டிக்குள்தானே இருந்தது? கோல்கர் கதவைப் பற்றிப் பிறகு படித்தபோது நான் சிரிக்கவில்லை. நானே ஒரு ராத்திரி அந்தக் கதவாக நின்றிருக்கிறேன்.

அந்த வருஷமே கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். 3,000 ரூபாய் அவசரத் தொகையாகத் தனியாக மூன்றாவது ஒருவரிடம் இருக்கும். உயிருக்கு ஆபத்து, பிரசவம், சாவு என்றால் இரண்டு உறுப்பினர் போனில் சம்மதம் சொன்னால் போதும், கொடுத்துவிடலாம். அடுத்த கூட்டத்தில் நோட்டில் எழுதணும். சாவிக்காரர் வெளியூர் போனால் சாவியை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கணும். இதுவரை நான்கு தடவை அந்தத் தொகை உதவியிருக்கு. நான்கு தடவையும் திரும்பி வந்திருக்கு.

கல்லீரலும் தசையும்

இந்தத் தீர்மானத்தை நம்ம உடம்பு எப்பவோ போட்டுவிட்டது. பெரிய பெண்ணின் பாடப் புத்தகத்தில் படித்தேன். சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அப்போதைய தேவை போக மிச்சத்தை உடம்பு கிளைக்கோஜன் என்ற மாவாக மாற்றிச் சேர்த்து வைக்கும். சேர்த்து வைக்க முக்கியமான இடம் இரண்டு. கல்லீரலில் சுமார் 100 கிராம். உடம்பு முழுக்க இருக்கிற தசைகளில் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு.

தசையிடம்தான் இருப்பு அதிகம். ஆனால் தசை தன் இருப்பைத் தனக்கு மட்டும்தான் செலவு செய்யும். அதைச் சர்க்கரையாக்கி ரத்தத்தில் விடுவதற்கான கடைசி நொதி அதனிடம் இல்லை. கல்லீரலிடம் இருக்கு. ராத்திரி நாம் தூங்கும்போது, விரதம் இருக்கும்போது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் கணையம் குளுக்ககான் என்ற தூதை அனுப்பும். உடனே கல்லீரல் தன் இருப்பைத் திறந்து ரத்தத்தில் விடும். மூளைக்கும் மற்ற உறுப்புக்கும் அதுதான் ராத்திரிச் சாப்பாடு. இருப்பு கம்மிதான், ஆனால் எல்லோருக்கும் திறக்கிற இருப்பு.

தேனீயிடமும் இப்படி ஒன்று உண்டு. பூவில் எடுக்கிற தேன், அதன் சாப்பாட்டு வயிற்றுக்கு நேராகப் போவதில்லை. முன்னால் தனியாக ஒரு பை இருக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு அடைப்பு. தனக்குப் பசித்தால் அந்த அடைப்பு வழியாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மிச்சம் முழுக்கக் கூட்டுக்கு. சங்கத்துப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே பர்சில் வைக்கிற நமக்கு அந்த ஈ ஒரு பாடம்.

ஒவ்வொரு வீட்டுப் பணமும் தசை மாதிரி. அது அந்த வீட்டுக்கே போதாது, அதில் தப்பில்லை. குழுவும் கூட்டமைப்பும் கல்லீரல் மாதிரி இருக்கணும். ஒரு குழுவில் இல்லையென்றால் கூட்டமைப்பில் இருந்து வரணும். தூது வந்ததும் திறக்கணும். பிறகு மறுபடி நிறையணும்.

நம்ம சொந்தக் குதிர்

கடைசியாக ஒன்று. என் இரண்டாவது பிரசவத்தின்போது ரத்தம் 7.8 என்று வந்தது. ஊசி, மாத்திரை என்று அலைந்தேன். எப்படித் திடீரென்று குறைந்தது என்று கேட்டேன். திடீரென்று இல்லை, பல மாதமாகக் காலியாகி இருக்கு என்றார் கிராம சுகாதாரச் செவிலியர். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

நம்ம உடம்பில் இரும்பைச் சேர்த்து வைக்கவும் குதிர் உண்டு. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையில் ஃபெர்ரிட்டின் என்று ஒரு புரதம். உள்ளே குடைவான ஒரு உருண்டை. கண்ணுக்குத் தெரியாத அந்த உருண்டைக்குள் 4,500 இரும்பு அணு வரை அடங்கும். மாதவிலக்கு, பிரசவம், தாய்ப்பால் என்று தேவை வரும்போதெல்லாம் அதிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். ரத்தப் பரிசோதனையில் நம்பர் சரியாகத்தான் காட்டும். ஏனென்றால் முதலில் காலியாவது சேமிப்பு. அது தீர்ந்த பிறகுதான் ரத்தத்தில் குறையும். சோர்வு, மூச்சு வாங்குவது, எரிச்சல் எல்லாம் வந்த பிறகுதான் நாம் கேட்கிறோம். 2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15லிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அப்படியென்றால் நம்ம கூட்டத்தில் உட்காருகிற ஒவ்வொரு இரண்டு பேரிலும் ஒருத்தி.

எங்க அத்தை வீடு முழுக்க அளந்து போட்டுவிட்டுச் சட்டியில் ஒட்டியதைத்தான் சாப்பிட்டார்கள். நானும் அதையேதான் செய்தேன். எல்லோருக்கும் கீழ்வாயைத் திறந்துவிட்டவள், தன் மேல்வாயில் ஒரு பிடி போட மறந்துவிட்டாள். இது நல்ல குணம் என்று நம்மைப் பாராட்டுவாங்க. உடம்பு பாராட்டாது, அது கணக்குத்தான் பார்க்கும்.

அதனால் சகோதரிகளே, வாரத்தில் மூன்று நாளாவது முருங்கைக்கீரை, பயறு, முடிந்தபோது மீனோ ஈரலோ உங்கள் தட்டிலும் விழட்டும். ரத்தம் கம்மி என்றால் ஆட்டு ஈரல் வாங்கிக் கொடுப்பது சும்மா இல்லை, ஆடு சேர்த்து வைத்த இரும்பு அது. சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் சேராது, ஒரு மணி நேரமாவது போகட்டும். சத்து மாத்திரை கொடுத்தால் பரணில் போடாதீர்கள்.

எங்க குதிர் இப்போது இல்லை. போன மழையில் நடைச்சுவர் இறங்கியபோது அதுவும் உடைந்தது. அடி உறை ஒன்றை மட்டும் அத்தை எடுத்து வைத்திருக்கிறார்கள், கீழ்வாய் உள்ள உறை. அதில் இப்போது துளசி வளருகிறது. அடுத்த கூட்டத்தில் எங்க குழுவில் இரண்டு கேள்வி கேட்பதாக இருக்கிறேன். நீங்களும் உங்கள் குழுவில் கேளுங்கள். ஒன்று, இன்றைக்கு ராத்திரி ஒருத்திக்கு அவசரம் என்றால் நம்ம பெட்டியை யார் திறப்பது? இரண்டு, இந்த வருஷம் நம்மில் எத்தனை பேர் ரத்தம் பார்த்திருக்கிறோம்? இரண்டுக்கும் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பெயர் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.